புதிய காரின் எச்சரிக்கை ஒலிகளையும் தொடுதிரையையும் நமக்கேற்ப அமைத்துக்கொள்வது எப்படி?

பழைய காரிலிருந்து புதிய காருக்கு மாறியவர்கள் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: வண்டி எதற்கென்றே தெரியாமல் ஓயாது ஒலி எழுப்பிக்கொண்டிருக்கிறது. எரிச்சலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவோர் உண்டு. எதையும் தொடப் பயந்து பொறுத்துக்கொள்வோரும் உண்டு. வண்டி நின்றிருக்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டுமே தேவைப்படாது.

முதல் படி: திறந்த வெளியில், சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, கையேட்டில் எச்சரிக்கை விளக்குகளுக்கான பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். பொதுவாகச் சிவப்பு விளக்கு உடனடியாகக் கவனிக்க வேண்டிய கோளாறையும், மஞ்சள் விரைவில் பார்க்க வேண்டியதையும், பச்சையும் நீலமும் ஏதோ ஓர் அமைப்பு இயங்குவதையும் குறிக்கும்.

இரண்டாம் படி: அதிகம் எரிச்சலூட்டுவது தடம் காக்கும் உதவி என்பதால் அதற்குச் சற்று நேரம் கொடுங்கள். உள்கண்ணாடிக்கு அருகே, முன்கண்ணாடியின் பின்னால் இருக்கும் கேமரா சாலைக் கோடுகளைப் படித்து, வண்டி கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கும் அல்லது ஸ்டீயரிங்கையே மெல்லத் திருப்பும். பழுதுபார்ப்பு நடக்கும் சாலையில் அழிக்கப்பட்ட பழைய கோடும் புதிய கோடும் அருகருகே தெரியும்போது அது குழம்பிவிடுவதும், ஓரமாக நிற்கும் லாரியைச் சுற்றிப் போக நாம் விலகும்போது அதன் பக்கமாகவே நம்மை இழுப்பதும் இதனால்தான். இண்டிகேட்டர் போட்டுவிட்டு விலகினால், நாம் தெரிந்தே விலகுகிறோம் என்று எடுத்துக்கொண்டு பெரும்பாலான வண்டிகளில் அது குறுக்கிடாது. பாதிக் குறை இதிலேயே தீர்ந்துவிடும். மீதிக்கு, செட்டிங்ஸ் மெனுவில் உணர்திறனைக் குறைத்துப் பாருங்கள். ஒலிக்குப் பதில் ஸ்டீயரிங் அதிர்வைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதையே வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்களில், வேக வரம்பு எச்சரிக்கையை அணைத்தாலும் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது மீண்டும் இயங்க வேண்டும் என்பது விதி. ஆகவே அங்கே வாங்கிய காரில் அது திரும்பத் திரும்ப உயிர்பெறுவதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

முன்னால் மோதப்போவதை உணர்ந்து எச்சரித்து, தேவைப்பட்டால் வண்டி தானே பிரேக் போடும் தானியங்கி அவசரப் பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள். அது சற்று முன்கூட்டியே எச்சரிப்பதாகத் தோன்றினால், எச்சரிக்கும் தூரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி தொடுதிரை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. ஏசியின் குளிரைக் குறைக்க மூன்று நொடி திரையைத் துழாவினால் 80 மீட்டருக்கு மேல் சாலையைப் பார்க்காமலே போயிருப்பீர்கள். 2022இல் சுவீடனின் 'வி பில்எகாரே' இதழ் நடத்திய சோதனையில், பொத்தான்கள் மட்டுமே கொண்ட 2005ஆம் ஆண்டு வால்வோ வி70 காரில் 10 நொடியில் முடிந்த நான்கு வேலைகளுக்கு, தொடுதிரைக் கார் ஒன்றில் 44.6 நொடி பிடித்தது. பழக்கமில்லாத ஓட்டுநரின் தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் காரைப் பழகிக்கொள்ளச் சோதனை ஓட்டுநர்களுக்கு முன்பே நேரம் தரப்பட்டிருந்தது. எனவே வழி, குளிர், பாட்டு ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். அடிக்கடி தேவைப்படுபவற்றை முகப்புத் திரைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களைப் பார்க்காமலே அழுத்தும்வரை நின்ற வண்டியில் பழகுங்கள்.

நான்காம் படி: சிக்னலில் எஞ்சின் தானாக நின்றுபோவது பிடிக்கவில்லையென்றால், வட்ட அம்புக்குள் 'ஏ' எழுத்துள்ள பொத்தானை அழுத்துங்கள்.

ஐந்தாம் படி: மழையிலும் சேற்றிலும் பொய் எச்சரிக்கை வந்தால், பம்பரில் உள்ள சென்சார்களையும் கேமராக்களையும் ஈரமான மென்துணியால் துடையுங்கள். முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், கேமராவை மறுபடி அளவமைத்து (கேலிபரேட் செய்து) தருமாறு பட்டறையில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, இந்த அமைப்புகளையெல்லாம் காரில் உள்ள உங்கள் ஓட்டுநர் கணக்கில் (டிரைவர் ப்ரொஃபைல்) சேமித்து, அந்த செட்டிங்ஸ் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு சில அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. அப்போது படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம்.