சின்னப் பள்ளியில் ஆண்டு முழுக்க ஓடும் வகுப்புச் செயல்பாடு

கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் வகுப்புக்கு இருபது பேர்கூடத் தேறவில்லையென்றால், அணி பிரித்துப் போட்டி வைப்பதெல்லாம் சரிப்பட்டு வராது. ஆண்டு முழுக்க ஓடும் ஒரே வேலையைப் பிடியுங்கள். என் தேர்வு எப்போதும் நிழல் குச்சிதான்.

வெயில் படும் சமதரையில், தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்கும்படி ஒரு குச்சியை நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் செங்குத்தாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். வாரம் ஒரு நாள், நண்பகலை ஒட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இருப்பதிலேயே குட்டையான நிழல்தான் கணக்கு. கடிகாரத்தின் 12 மணியை நம்ப வேண்டாம். மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் எடுக்கும் அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த நிழலின் நீளத்தைக் குச்சியின் உயரத்தால் வகுத்து, டேன்ஜென்ட் அட்டவணையில் கோணம் பார்த்தால் உங்கள் ஊரின் அட்சரேகை கிடைக்கும். ஒரு பாகை முன்னே பின்னே வந்தாலும் பரவாயில்லை. முக்கோணவியல் என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைகள்தான் அன்றைக்கு அட்டவணைக்கு அடித்துக்கொள்வார்கள்.

மழை நாளுக்கு, வாயிலிருந்து அடிவரை பக்கங்கள் நேராக உள்ள பாட்டில் ஒன்று போதும். தேங்கிய நீரின் உயரம் எத்தனை மில்லிமீட்டரோ, அதுதான் மழையளவு.

சுவரிதழ் மாதம் ஒன்று. தேர்வு மாதத்தில் எதுவும் வேண்டாம். அப்புறம், பதிவு நோட்டைப் பிள்ளைகள் விடுமுறைக்குக் கிளம்பும் முன்பே கீழ் வகுப்பிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.