மறைந்த கோப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி கற்க வருபவர்கள் கோப்புகளை மறைப்பதிலும் மீண்டும் காட்டுவதிலும் அதே பழைய தவறுகளைச் செய்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உடனே திருத்திக்கொள்ளக்கூடியவற்றை விட்டுவிட்டு, இழப்பில் முடிபவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காலியாகத் தெரியும் பென் டிரைவை ஃபார்மட் செய்தல்

இதைக் காணும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகி எடுத்த பென் டிரைவில் கோப்புறைகள் காணாமல் போய், அவற்றின் பெயரில் ஷார்ட்கட்டுகள் மட்டும் நிற்கும். வைரஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்று முடிவுகட்டி ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்து, அதே டிரைவில் புதிய கோப்புகளையும் ஏற்றியதால் ஆய்வேட்டின் இரண்டு இயல்களை மீட்க முடியாமல் இழந்த மாணவி ஒருவர், "ஹிட்டன் ஐட்டம்ஸுக்கு டிக் போட்டும் ஒன்றும் தெரியவில்லையே சார்" என்றார். தெரியாதுதான். அந்த வகை வைரஸ் கோப்புறைகளுக்கு மறைக்கும் ஹிட்டன் பண்போடு, இயங்குதளக் கோப்பு என்று குறிக்கும் சிஸ்டம் பண்பையும் சேர்த்து இட்டுவிடுகிறது. இரண்டும் உள்ளவற்றை விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளாகக் கருதுவதால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் இயங்குதளக் கோப்புகளை மறைத்து வைக்கும் டிக்கையும் எடுத்தால்தான் அவை கண்ணில் படும்.

முதலில் டிரைவின் பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். வெறுமையாகத் தோன்றும் 16 ஜிபி டிரைவில் 9 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டினால், கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன. ஷார்ட்கட்டைத் திறக்காதீர்கள், திறந்தால் அந்தக் கணினிக்கும் வைரஸ் தொற்றிக்கொள்ளும். கமாண்ட் பிராம்ப்டில், பண்புகளை மாற்றும் ஆட்ரிப் கட்டளைக்கு மைனஸ் எச், மைனஸ் எஸ் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மைனஸ் எச் மட்டும் கொடுத்தால், சிஸ்டம் கோப்பை மாற்ற இயலாது என்று அது மறுத்துவிடும். அருகில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினி இருந்தால் வேலை இன்னும் எளிது, ஏனெனில் அதன் கோப்பு மேலாளர் இந்தப் பண்புகளைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் காட்டிவிடும்.

ஓரிடத்தில் மறைத்தது எங்கும் மறைந்திருக்கும் என்று நம்புதல்

லினக்ஸிலும் மேக்கிலும் பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தாலே கோப்பு மறைந்துவிடும். விண்டோஸுக்கு அந்தப் புள்ளி பெயரில் ஓர் எழுத்து மட்டுமே. லினக்ஸில் அப்படி மறைத்த கோப்புறை விண்டோஸில் பளிச்சென்று தெரியும்.

நட்சத்திரக் குறியிட்டு நகலெடுத்தல்

லினக்ஸ் டெர்மினலில் நகலெடுக்கும் சிபி கட்டளைக்கு, எல்லாவற்றையும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறி கொடுத்தால், புள்ளியில் தொடங்கும் கோப்புகள் விடுபட்டுப்போகும். வலைத்தளத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது, தளத்தின் அமைப்புகளைக் கொண்ட, புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்சஸ் கோப்பு தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். உள்ளிருப்பவற்றை நட்சத்திரக் குறியால் எடுக்காமல், கோப்புறையையே முழுதாக நகலெடுங்கள்.

மறைப்பைப் பூட்டாகக் கருதுதல்

கூடாது. உபுண்டுவில் கன்ட்ரோல், எச். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி. மறைத்தவற்றைக் காண இந்த விசைகளைச் சேர்த்து அழுத்தினாலே போதும்.