வாசிக்க மாட்டேன் என்கிற பிள்ளைக்கு மர்மக் கதை: நாம் விடுகிற பிழைகள்

"அன்ரி, இன்னும் ஒருத்தரும் காணாமப் போகேல்லையே?"

பதினான்கு வயதுப் பையன். என் பிரதியின் ஆறாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான். அட்டையில் 'மர்ம நாவல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். உள்ளே ஆறு பக்கமாக வெள்ளவத்தைக் கடலில் சூரியன் மறைந்துகொண்டே இருக்கிறது. அவனுக்கு அலுத்துவிட்டது. பிரதியை மேசையில் வைத்துவிட்டு, யன்னலுக்கு வெளியே ரயில் போவதைப் பார்க்கத் தொடங்கினான்.

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் தொடர்மாடியிலிருந்தும் பக்கத்து லேன்களிலிருந்தும் ஐந்தாறு பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவார்கள். "பாடப் புத்தகத்தைத் தவிர ஒன்றையும் தொடமாட்டுது" என்று தாய்மார் முறையிடுகிற ரகம். ரோல்ஸும் பிளேன்ரீயும் கொடுத்து, நான் எழுதியதை வாசிக்க வைப்பேன். 12 முதல் 16 வயது வரையானவர்களுக்கு மர்மக் கதை எழுதக் கிளம்பி நான் விட்ட பிழைகளும், நண்பர்கள் தந்த பிரதிகளில் கண்ட பிழைகளும்தான் இங்கே வருகின்றன.

தொடக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் ஒரு கேள்வி விழவேண்டும், அவ்வளவுதான். பிணம் விழவேண்டும் என்றில்லை. கனடாவுக்குப் போனவர்கள் இரண்டு மாதமாகப் பூட்டி வைத்திருக்கிற எதிர்வீட்டுக்குள் பிரஷர் குக்கர் விசிலடிக்கிறது. போதும். சூரியன் அப்புறம் மறையட்டும்.

பெரிய பிழை வேறு. வாசிக்காத பிள்ளையை விளங்காத பிள்ளை என்று நினைத்துவிடுகிறோம். இவர்கள் வட்ஸ்அப்பில் துப்பறிவதை ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். "மெசேஜுக்கு நீல டிக் விழேல்லை. ஆனா என்ர ஸ்டேட்டஸைப் பாத்திருக்கிறாள். அப்ப போன் கையிலதான் இருக்கு. வேணுமெண்டுதான் திறக்கேல்லை." மூன்று தடயம், ஒரு முடிவு. எந்தத் துப்பறிவாளனுக்கும் குறையாத வேலை. இப்படிப்பட்டவர்களிடம் போய், ஒரே தடயத்தை மூன்று அத்தியாயத்தில் மூன்று தரம் விளக்கினால் என்ன நினைப்பார்கள்? வாக்கியத்தைத்தான் இலகுவாக்க வேண்டும், புதிரை அல்ல. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். புதிர் குழந்தைப் புதிர், தமிழோ பண்டிதத் தமிழ்.

தமிழ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொழும்பில் ஆங்கில மூலம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். தமிழை எழுத்துக்கூட்டி, மெதுவாகத்தான் வாசிப்பார்கள். அவர்கள் தடுக்கி விழுவது கடினமான சொல்லில் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒட்டிக்கொண்ட சொல்லில். 'வந்துகொண்டிருந்தவனைப்பற்றியெல்லாம்' என்று ஒரே மூச்சில் எழுதினால் பாதியில் மூச்சு முட்டுகிறது. 'வந்துகொண்டிருந்தான். அவனைப் பற்றி' என்று இரண்டாக வெட்டிக் கொடுத்தால் தடங்கல் இல்லாமல் போகிறார்கள். 'பிரேத பரிசோதனை' என்ற சொல்லைக் கண்டு ஒரு பிள்ளையும் பயப்படவில்லை. பயப்படும் என்று நினைத்து அதை எடுத்தவள் நான்தான்.

பெயர்களும் அப்படித்தான். கஜன், கஜீபன், கஜேந்தினி என்று மூன்று சந்தேக நபர்களை ஒரு நண்பர் வைத்திருந்தார். எங்கள் சனத்துக்குப் பிள்ளைகளுக்கு ஒரே எழுத்தில் பெயர் வைக்கிற ஆசை உண்டு, அது வீட்டோடு இருக்கட்டும். மெதுவாக வாசிக்கிறவர்கள் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கிறார்கள். ஆளுக்கு ஓர் எழுத்து கொடுத்துவிடுங்கள்.

உரையாடல் இன்னொரு சிக்கல். நம் கதைகளில் பிள்ளைகள் ஒன்றில் பாடப் புத்தகம் போலப் பேசுகிறார்கள், இல்லாவிட்டால் சென்னைப் படம் போல. வெள்ளவத்தையில் "வாங்கோ, இருங்கோ" என்கிற வீடுகள், கொட்டாஞ்சேனையில் "வாங்க, உக்காருங்க" என்கிற வீடுகள், மருதானையில் முஸ்லிம் வீடொன்றில் கேட்கிற வேறொரு தமிழ், எல்லாவற்றுக்கும் நடுவில் தாராளமாகச் சிங்களமும் ஆங்கிலமும். இவ்வளவு காது வேலை செய்கிற ஊர் மர்மக் கதைக்காரருக்கு ஒரு கொடை. யாழ்ப்பாணத்து மச்சான் என்று சொல்லிப் போன் எடுக்கிறவன் "கதைக்கிறன்" என்னாமல் "பேசுறேன்" என்கிறான். வாசிக்காத பிள்ளையும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும். ஆனால் அந்தத் தடயம் அவன் பொய் சொல்கிறான் என்பதை மட்டும்தான் காட்டவேண்டும். 'பேசுறேன்' என்பவர்கள் எல்லோரும் கள்ளர் என்ற மணம் வந்தால் கதையைக் கிழித்துப் போடுங்கள்.

இதோடு ஒட்டியதுதான் குற்றவாளியைத் தெரிவு செய்கிற பிழை. ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் துப்பறியும் கதைகளும் எழுதினார். 1929இல் அவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வெளியிட்டார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும், பேய் பிசாசு தீர்வாகக் கூடாது, இரகசிய வழி ஒன்றுக்கு மேல் ஆகாது, முன்கூட்டித் தயார் செய்யாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது. எல்லாம் வாசகரை ஏமாற்றாதே என்பதன் விரிவுதான். அந்தப் பட்டியலில் 'கதையில் சீனர் வரக்கூடாது' என்றும் ஒன்று உண்டு. இன்று வாசிக்க அருவருப்பாக இருக்கிறது. அன்றைய மலிவு நாவல்கள் சீனரையே வில்லனாக்கிக்கொண்டிருந்தன, அந்தத் தேய்ந்த வழக்கத்தைக் குத்தத்தான் அப்படி எழுதினார் என்று பலரும் விளங்கிக்கொள்கிறார்கள்.

நமக்கும் ஒரு 'சீனர்' இருக்கிறார். ஓட்டோக்காரர். அவர் இல்லையென்றால் தொடர்மாடியின் காவலாளி, வீட்டு வேலைக்கு வருகிற பெண். ஒரு பிரதியில் கள்ளன் ஓட்டோக்காரர்தான் என்று தெரிந்ததும் என் கூட்டத்தில் ஒரு பையன், "ஓம், எப்பவும் நாங்கள்தானே" என்றான். அவனுடைய அப்பா ஓட்டோ ஓடுகிறவர். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதை எழுதியது நண்பர் இல்லை, நான்.

பொலிஸ் விவகாரத்தைக் கெதியாகச் சொல்லி முடிக்கிறேன். இந்திய நாவல்களிலும் படங்களிலும் ஊறியவர்கள் நாங்கள். அதனால் கொழும்புக் கதையிலும் 'எஃப்.ஐ.ஆர்' பதிவாகிறது, 'செக்‌ஷன் 302' பாய்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் கொலைக்கான தண்டனை 296ஆம் பிரிவு. இங்கே போய்ச் செய்வது முறைப்பாடு, நிலையத்தில் இருப்பவர் பொறுப்பதிகாரி, உடலைப் பார்ப்பவர் சட்ட வைத்திய அதிகாரி, ஆளை விளக்கமறியலில் வைக்கச் சொல்பவர் நீதவான். அவசரத்துக்கு 119. பத்திரிகையில் வருகிற எந்தக் குற்றச் செய்தியிலும் இந்தச் சொற்கள் கிடக்கின்றன. தேடக்கூட வேண்டாம்.

ஊரின் இயற்கையும் அப்படித்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். கடல் வற்றியதும் குகை வாசல் தெரிந்தது என்று ஒரு கதை வந்தது. வெளிநாட்டுச் சிறுவர் கதை ஒன்றின் பாதிப்பு. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வித்தியாசம் கூட வராது. வற்றினாலும் தெரியப்போவது இன்னும் இரண்டு கல்லுத்தான். இன்னொன்றில் கோடை மாலை எட்டு மணிக்கு வெயில் அடித்தது. இங்கே வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். ஆனால் இதே ஊர் நமக்கு வேறு சாமான்கள் தருகிறது. மே மாதத்துக்குப் பின் கொந்தளிக்கிற கடல், திடீர் மழையில் நிரம்புகிற லேன், ஆடிவேல் தேர் போகிற நாளில் நகரமுடியாத காலி வீதி. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த இரவுகளை இந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை. இருட்டு வேண்டுமென்றால் பேய் பங்களா தேடி அலையத் தேவையில்லை. லிப்ட் நின்றுபோன ஒன்பது மாடிக் கட்டடம் இருக்கிறது.

போனை என்ன செய்வது என்பது எழுதுகிற எல்லோருக்கும் தலையிடி. ஒவ்வொரு ஆபத்திலும் 'சார்ஜ் தீர்ந்துவிட்டது' என்று எழுதினால் முதல் தரம் பொறுப்பார்கள், இரண்டாம் தரம் சிரிப்பார்கள். போனைப் பறிக்காமல் அதையே கயிறாக்குங்கள். அம்மா மாதிரி விடாமல் போன் எடுக்கிற வில்லன் எந்தக் கதையிலும் கிடையாது. கணித வகுப்பு ஐந்து மணிக்கு முடிகிறது, ஐந்தேகாலுக்கு அம்மா எடுப்பார், அதற்குள் புறக்கோட்டைக்குப் போய் வரவேண்டும், 100ஆம் நம்பர் பஸ்ஸோ பம்பலப்பிட்டியில் அசையாமல் நிற்கிறது. கொழும்புப் பிள்ளைக்கு உண்மையில் நெஞ்சு படபடக்கிற இடம் இதுதான். எங்கள் கதாநாயகர்களோ டியூஷனே இல்லாத ஊரில் வாழ்கிறார்கள். இரவு பத்து மணிக்குத் துறைமுகத்தில் கடத்தல்காரரை அடித்து விழுத்துகிறார்கள். ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "இவளை எப்பிடி வீட்டில விட்டவை?" ஆறரைக்கு மேல் தனியாக வெளியே போக விடாத வீட்டில் இருந்து வருகிறவள் அவள். வீட்டில் விடாதபோதும் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எழுதியிருந்தால் அது பெரிய கதை.

அத்தியாய முடிவில் கதவு தட்டப்படுவதும், அடுத்த அத்தியாயத்தில் அது தேத்தண்ணியோடு வந்த அம்மா என்று தெரிவதும் பழைய தொடர்கதை வியாதி. ஒரு தரத்துக்கு மேல் வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கனமானது.

முதல் நாள் அந்தப் பையன் "ஒருத்தரும் காணாமப் போகேல்லையே" என்று கேட்ட பிறகு, ஆவேசத்தோடு திரும்ப எழுதினேன். புதிய முதல் பக்கத்தில், ஆட்களைக் கடத்திப் போகிற ஒரு வெள்ளை வான் வந்தது, ஒரு மாமா காணாமல் போனார். வாசிக்கக் கொடுத்தபோது எல்லோரும் விறுவிறுவென்று போனார்கள், ஒரு பிள்ளையைத் தவிர. அவள் முதல் பக்கத்தைத் திருப்பவேயில்லை. ரோல்ஸும் சாப்பிடவில்லை. பின்னேரம் அழைத்துப்போக வந்த தாய் வாசலில் நின்றபடி, தன்னுடைய தம்பியைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உலகத்தின் மற்ற இடங்களில் 'ஆள் மாயம்' என்பது மர்மக் கதையின் சாதாரண அரிச்சுவடி. இங்கே அப்படியில்லை. இந்த நாட்டில் காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்று 2016இல் சட்டம் இயற்றி ஓர் அலுவலகம் அமைக்க வேண்டியிருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் 2017 முதல் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்து போராடியிருக்கிறார்கள். மர்மக் கதை கடைசிப் பக்கத்தில் விடை தருவதாக வாக்குக் கொடுக்கிற சங்கதி. விடையே வராத வீட்டிலிருந்து வருகிற பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கும்போது, பரபரப்புக்காக ஒரு வானை நிறுத்துவது கெட்ட வேலை. அதைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதலாம், அதற்கு வேறு நிதானமும் வேறு நேர்மையும் வேண்டும். கொக்கியாக மட்டும் பாவிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நினைத்ததும் பிழைதான். பெரியவர்கள் கதையை மாற்றுகிற தொனியை வைத்தே அவர்கள் பாதியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

மாமாவை எடுத்துவிட்டேன். இப்போது கதையில் காணாமல் போவது தவணைப் பரீட்சை வினாத்தாள். சின்ன விஷயம்தான், ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. முடிவில் கள்ளனுக்குப் புத்திமதி சொல்கிற அதிபரின் அரைப் பக்கப் பேச்சையும் பிள்ளைகள் வெட்டச் சொன்னார்கள். கேட்டுத்தான் வெட்டினேன், மனமில்லாமல்.

தடயம் ஒன்றைப் பற்றி மட்டும் இன்னும் சண்டை ஓடுகிறது. சந்தேக நபர், "அண்டைக்கு இரவு எட்டு மணிக்குத் தண்டவாளப் பக்கம் ஒரே இருட்டு, முகம் தெரியேல்லை" என்று சாட்சி சொல்கிறான். அதற்கு இரண்டு அத்தியாயம் முன்பே, அன்று இறைச்சிக் கடை பூட்டு என்று அம்மா வெறும் பையோடு திரும்பி வந்ததை, போகிற போக்கில் எழுதி வைத்திருக்கிறேன். கடை பூட்டு என்றால் போயா. போயா என்றால் முழு நிலவு. இருட்டு எங்கிருந்து வந்தது? எனக்கே என்மேல் பெருமை.

இரண்டு பேர் சரியாகப் பிடித்தார்கள். மூன்றாவதாக, அந்த ரோல்ஸ் சாப்பிடாத பிள்ளை, இப்போது வாராவாரம் முதல் ஆளாக வருகிறவள், கடலுக்கும் தொடர்மாடிக்கும் நடுவே தண்டவாளம் தெரிகிற என் யன்னலருகே போய் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அன்ரி, முழு நிலவு கடல் பக்கத்தால வராது, காலி வீதிப் பக்கத்தாலதான் எழும்பும். எட்டு மணிக்கு அவ்வளவு உயரத்துக்கு வந்திராது. தண்டவாளம் முழுக்க எங்கட பிளட்டுகளின்ர நிழல்தான் விழும். அவன் சொன்னது உண்மை."

சரிதான். நேரத்தைப் பதினொரு மணிக்கு மாற்றினேன், நிலவு உச்சிக்குக் கிட்ட வந்துவிடும். திரும்பக் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு, "பதினொரு மணிக்கு அவனுக்குத் தண்டவாளத்தில என்ன வேலை?" என்று கேட்டாள்.

நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.