குடமுருட்டிக் கரையில் விடியற்காலைத் தூண்டில்: தக்கையின் ஆழத்தைச் சரியாக வைப்பது எப்படி?

தூண்டில் போடக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முள்ளைப் பற்றியும் இரையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். நீரில் மிதந்து மீன் கொத்துவதைக் காட்டும் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையில் எவ்வளவு நரம்பு, அதாவது தூண்டில் நூல், விட வேண்டும் என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. தஞ்சாவூரை அடுத்த கண்டியூர்ப் பக்கம் குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு மாசி மாதம் முழுவதும் நான் வெறுங்கையோடு திரும்பியதற்கு அந்த அளவு தெரியாததே காரணம். ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பருவம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால், மூன்று நான்கு நாட்களில் கல்லணை வழியாகத் தண்ணீர் நம் ஆறுகளுக்கு வந்துவிடும். புதுத் தண்ணீர் கலங்கலாகவும் வேகமாகவும் ஓடும் என்பதால் பழகுகிறவர்களுக்கு அது ஏற்ற காலம் அன்று. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே நிலைதான். ஜனவரி 28 அன்று அணையை மூடிய பிறகு ஓட்டம் மெலிந்து, வளைவுகளிலும் படித்துறைகளுக்குக் கீழேயும் மடுக்கள் தெளிந்து நிற்கும் தை கடைசி முதல் பங்குனி வரையிலான விடியற்காலைகளையே தேர்ந்தெடுங்கள். மதகுகளுக்கு அருகில் ஒருபோதும் உட்காராதீர்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் இருப்பதால் அங்கே நீரில் இறங்கவே வேண்டாம். ஊர்க் குளங்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் எடுத்தவர் இருப்பார். அவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது முறையன்று.

கருவிகளைப் பொறுத்தவரை, கடையில் விற்கும் சக்கரம் வைத்த பைபர் கழியைவிடப் பத்தடி நீளமுள்ள கல்மூங்கில் கழியே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். கெண்டை கொத்துவது அதில் விரல்வரை தெரியும். முள் வாங்கும்போது எண் பெரிதாகப் பெரிதாக முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். கெண்டைக்குப் பத்து அல்லது பன்னிரண்டாம் எண் போதும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, முதல் வளையத்துக்குள் மீண்டும் விட்டு, எச்சிலால் நனைத்த பிறகே இறுக்க வேண்டும், ஏனெனில் நனைக்காமல் இறுக்கிய நைலான் நரம்பு உராய்ந்து வலுவிழந்துவிடும். இரைக்கு மண்புழு அல்லது பிசைந்த மைதா மாவு.

தக்கைக்கு நெட்டியை, அதாவது நீரில் வளரும் நெட்டிச் செடியின் எடையற்ற தண்டை, விட நல்ல பொருள் கிடையாது. 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் பயன்படும் அதே நெட்டிதான். விரல் கனத் துண்டு ஒன்றில் ஊசியால் துளையிட்டு, நரம்பை உள்ளே விட்டு, அதே துளையில் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகினால் தக்கை அசையாமல் நிற்கும். ஈர்க்கைத் தளர்த்தினால் மேலும் கீழும் நகரும். இந்த நகர்த்தல்தான் நமக்கு மிகவும் தேவை. பிளாஸ்டிக் தக்கை கனமானது. சிறு மீன் கொத்தினால் அது அசைவதே இல்லை.

இனி இடம். கரைக்கு வந்தவுடன் தூண்டிலை விரிக்காமல் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பறவைகளைப் பாருங்கள். மடையான் என்ற குளத்துக் கொக்கு நிற்கும் இடத்தில் நீர் முழங்காலுக்கும் குறைவாகவே இருக்கும். நீர்க்காகம் முங்கி நெடுநேரம் கழித்து வேறிடத்தில் எழுந்தால் அங்கே ஆழமும் மீனும் உண்டு. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்தபடி ஒரே இடத்தைப் பார்த்து நின்றால், அதற்கு நேர் கீழே சிறுமீன் கூட்டம் இருக்கிறது. ஆனால் வெண்மார்பு மீன்கொத்தியை நம்ப வேண்டாம். அது பூச்சி, ஓணான், நண்டு எல்லாவற்றையும் தின்பதால், அது உட்கார்ந்திருக்கும் கிளை மீன் உள்ள இடத்தைக் காட்டுவதில்லை. ஈர மணலில் செதில் கலந்த எச்சம் புதிதாகக் கிடந்தால் நீர்நாய்கள் அந்த மடுவில் வேட்டையாடியிருக்கும். நான் பார்த்தவரை அன்று மீன் அங்கே எளிதில் இரை தொடாது. அடுத்த வளைவுக்குப் போய்விடுங்கள். நடக்கும்போது மெதுவாகக் கால் வையுங்கள். மீனின் உடம்பின் இரு பக்கமும் நீளும் உணர்வுக்கோடு கரையின் அதிர்வைக்கூட அறிந்துவிடும்.

இப்போது எனக்குப் புரியாமல் போன படிக்கு வருகிறேன். தக்கைக்குக் கீழே ஒரு முழம் நரம்பு என்று யாரோ சொன்னதை நான் எல்லா இடத்திலும் அப்படியே வைத்தேன். மடுவின் ஆழமோ இடுப்பளவுக்கு மேல். தரையோடு மேயும் மீன்களின் தலைக்கு மேலே வெகு உயரத்தில் என் புழு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆழத்தை அளக்க, தக்கையை அமிழ்த்தக்கூடிய கனமுள்ள ஈயக் குண்டு ஒன்றை இரையில்லாத முள்ளில் மாட்டி, தூண்டில் போடப் போகும் இடத்திலேயே மெதுவாக இறக்குங்கள். தக்கை முழுவதும் மூழ்கினால் நரம்பு போதவில்லை. தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை படுத்துக்கொண்டால் நரம்பு அதிகம், கீழே இறக்குங்கள். தக்கையின் நுனி மட்டும் நீர்மட்டத்தில் நிமிர்ந்து தெரியும்போது கிடைக்கும் அளவே ஆற்றின் ஆழம். குண்டைக் கழற்றிவிட்டு, கெண்டைக்கு அந்த அளவில் இரண்டு விரற்கடை குறையுங்கள். தரையில் இரை தேடும் கெளுத்திக்கு நான்கு விரற்கடை கூட்டுங்கள். ஒரே மடுவில் மூன்று நான்கு இடங்களில் அளந்து, கழியில் நூல் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. மறுநாள் நீர் ஒரு சாண் இறங்கியிருந்தாலும் மீண்டும் அளக்க வேண்டும். தக்கை துடிக்கும்போது பொறுத்திருந்து, அது சாய்ந்து நகரும்போது மட்டும் மணிக்கட்டால் சுண்டுங்கள்.

இதை முதலில் எழுதியபோது விட்டுப்போன இரண்டு செய்திகளைச் சிலர் கேட்டதால் இங்கே சேர்க்கிறேன். சரியாக அளந்தும் தக்கை படுத்துக்கொள்கிறது என்றார் ஒருவர். அவர் நரம்பில் நிரந்தரமாகக் கட்டிய ஈயம் முள்ளுக்கு மிக அருகில் இருந்ததால், கெளுத்திக்காக நரம்பைக் கூட்டியதும் ஈயமும் தரையில் உட்கார்ந்துவிட்டது. முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயத்தைக் கட்டியதும் சரியாயிற்று. இன்னொருவர் கெளுத்தியின் முள் குத்திக் கை வீங்கியதாக எழுதினார். அதற்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள் உண்டு. ஈரத் துணியால் மூடி, பக்க முட்களுக்குப் பின்னால் பிடித்த பிறகே தூண்டிலைக் கழற்ற வேண்டும்.

நீரின் மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைக் கண்டால் அங்கே தூண்டில் போடாதீர்கள். அவை விரால் குஞ்சுகள். கீழே பெரிய விரால் காவல் நிற்கும், அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சுகளையும் மற்ற மீன்கள் தின்றுவிடும். நரம்பைக் கழியில் சுருட்டி வைத்துவிட்டு, அந்தக் கூட்டம் மூச்சுவிட மேலே வந்து கீழே போவதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.