கிளிங்கனில் கை, கால், தலைவலி: நம்மவர்கள் தவறும் இடங்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தே தாரிக்கும் கைப்பேசியுமாக உட்கார்ந்து கிளிங்கன் பழகும் ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் உண்டு. அந்த விண்வெளிக் கதைகளில் வரும் கிளிங்கன் இனத்துக்காக உருவாக்கிய மொழி அது. மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ செயலியில் 2018 முதலே பாடம் இருக்கிறது. உடம்பைப் பற்றிய சொற்கள் வந்ததும்தான் தடுமாற்றம்.

முதல் சிக்கல் பன்மை. தமிழ் மூளை உடனே உயர்திணை, அஃறிணை என்று பிரித்துவிடும்: பேசத் தெரிந்தவர்களுக்கு 'பு', மற்றதற்கெல்லாம் 'மெய்'. பாதிதான் சரி. உடலுறுப்புக்கென்றே 'டு' என்று தனி விகுதி இருக்கிறது. 'மின்' கண், 'மின்டு' கண்கள். ஆட்டுக்கால்களுக்கும் அதே டு-தான். இந்த மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட் 1985இல் வெளியிட்ட அகராதியில் ஒரு வேடிக்கை உண்டு. கிளிங்கன் கவிஞர்கள் மட்டும் வேண்டுமென்றே விதியை மீறி 'த்லோன்மெய்' என்பார்களாம்; அங்கங்கே சிதறிக் கிடக்கும் மூக்குத் துவாரங்கள் என்று பொருள். பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறார்.

'என்' என்று சொல்லும்போது உறுப்புக்குத் தனிச் சலுகை கிடையாது. வீட்டுக்கும் கைக்கும் ஒரே 'விஜ்'. ஆட்களுக்கு 'வி'. தலைவருக்கு விஜ் போட்டால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் கிட்டத்தட்ட வாயில் வரக்கூடாத அவமரியாதை. பன்மை முதலில், உடைமை பிறகு: மின்டுவிஜ்.

அப்புறம் தலைவலி. 'எனக்கு' என்பதற்குச் சொல் தேடாதீர்கள். 'ஓய் நாச்விஜ்': வலிக்கிறது, தலை, என். மலாயில் 'சாகிட் கெப்பாலா சாயா' என்பதும் இதே வரிசைதானே? இந்த இடத்தில் தமிழை விட்டுவிட்டு மலாயைப் பிடித்துக்கொள்வதே சுலபம்.

ஏப்பம், கொட்டாவி இரண்டையும் நாம் 'விடுகிறோம்'. கிளிங்கனில் விடவேண்டியதில்லை, ஏப்பத்துக்கு 'ருக்' என்பதே வினை. 'ஜிருக்' என்றால் ஏப்பம் விடுகிறேன், அவ்வளவுதான்.

உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிவைத்துப் படிக்கவே கூடாது. இங்கே வேறு வழியில்லாமல் எழுதியிருக்கிறேன். ரோமன் எழுத்தில் சின்ன க்யூ போட்ட 'காம்' பாதம். பெரிய க்யூ போட்டால் நிற்பது. சின்னது உள்நாக்கருகே பிறக்கும் ககரம், பெரியது அதே இடத்தில் கரகரவென்று உரசும். மேற்குறி போட்ட இடத்தில் தொண்டையை அடைக்கவேண்டும். நாசி லெமாக் என்பதில் கடைசி ககரத்தை விழுங்குகிறோமே, அதுதான். டகரத்துக்குக் கவலையே வேண்டாம், நம் நாக்குக்கு அது தானாக வரும்.