சித்தப்பாவின் டைரியும் கார் விலையும்

2025 அக்டோபரில் சித்தப்பா தன் 2017 மாடல் வேகன் ஆரை விற்க முடிவு செய்ததும் முதலில் எடுத்தது பழைய டைரியைத்தான். ஆன்ரோடு விலை, சீட் கவர், மியூசிக் சிஸ்டம், போன வருடம் போட்ட பேட்டரி எல்லாவற்றையும் கூட்டி, தேய்மானம் என்று ஏதோ கழித்து, 4 லட்சத்து 20 ஆயிரத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். வந்து பார்த்த முதல் ஆள் 2 லட்சத்து 90 ஆயிரம் என்றார். அன்று இரவு மனிதர் சாப்பிடவில்லை.

தவறு அந்த டைரியில்தான். நாம் கட்டிய சாலை வரியும் வாங்கி மாட்டிய சாமான்களும் வாங்க வருபவர் கணக்கில் வராது. இன்று அதே கார் புதிதாக என்ன விலை என்றுதான் அவர் பார்ப்பார். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு 29 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 18 ஆனது. புது கார் விலை இறங்கினால் பழைய காரும் கூடவே இறங்கத்தானே செய்யும்? நம் டைரிக்கு அது தெரியாது.

அடுத்தது, இணையத்தில் நாலு விளம்பரத்தைப் பார்த்து விலை வைப்பது. அங்கே இருப்பது கேட்கிற விலை. கை மாறிய விலை அல்ல. மூன்று வாரமாக அசையாமல் கிடக்கும் விளம்பரம் என்றால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். அதே வருடம், அதே வேரியன்ட், அதே ஓனர் கணக்கு, ஓடிய கிலோமீட்டரும் பக்கத்தில் இருக்கிற கார்களாகப் பார்த்து, இரண்டு பேருக்கு போன் போட்டு "கடைசியா என்ன சொல்றீங்க?" என்று கேளுங்கள். ஓரளவு பிடிபடும்.

இன்சூரன்ஸ் தாளில் இருக்கும் ஐடிவியை, அதாவது காருக்கு அவர்கள் போட்ட மதிப்பைக் காட்டிப் பேரம் பேசுவதும் வீண். அது முழு நஷ்டத்துக்குக் கம்பெனி தரும் தொகைக்கான கணக்கு. காருக்கு 4 வருடம் தாண்டி 5 வருடம் வரை என்றால் புது விலையில் 50 சதவீதம் கழிப்பார்கள். அதற்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி வைப்பதுதான். சந்தைக்கும் அதற்கும் பெரிய உறவில்லை.

இனி, நான் அதிகம் பார்க்கிற தவறு: விற்கும் முன் செலவு செய்வது. சித்தப்பா இடது கதவில் பைக் ஹேண்டில் உரசிய கீறலுக்கு 6,000 ரூபாய் கொடுத்து பெயின்ட் அடித்திருந்தார். இரண்டாவதாக வந்தவர் மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக் பானட் பக்கம் போகவே இல்லை. கதவு ரப்பரை விரலால் இழுத்து உள்ளே ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தார், கீல் போல்ட்டை நகத்தால் சுரண்டினார், அப்புறம் "எங்க சார் இடிச்சீங்க?" என்றார். கீறலை அப்படியே விட்டிருந்தால் இரண்டாயிரம் குறைத்துக் கேட்டிருப்பார். புது பெயின்ட் விபத்துச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. டயரில் இருந்த 3119 என்ற எண்ணையும் விடவில்லை: 2019-ஆம் ஆண்டு 31-வது வாரம் தயாரித்தது. டயர் பட்டன் தேயாமல் நிறைய இருந்தும், "ரப்பர் கிழடாயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டார். அதற்காகப் புது டயர் போட்டிருந்தால் மட்டும் அந்தக் காசு முழுதாகத் திரும்பியிருக்குமா? வராது. கழுவி, உள்ளே சுத்தம் செய்து, சர்வீஸ் பில்களை ஒரே ஃபைலில் வைத்தால் போதும். கடைசியில் வாங்க வந்தவரைச் சம்மதிக்க வைத்தது அந்த ஃபைல்தான்.

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போடுபவர்கள் பழைய காரின் விலை, எக்ஸ்சேஞ்ச் போனஸ், எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே கிடைக்கும் தள்ளுபடி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாகச் சொன்னால் எதில் கூட்டினார்கள், எதில் குறைத்தார்கள் என்பது தெரியாது.

காகிதமும் விலைதான். கடன் அடைத்து வருடங்கள் ஆகியும் ஆர்சியில் வங்கிப் பெயர் அப்படியே இருக்கும். கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்ஓசியும், கடன் ஒப்பந்தம் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் கொடுத்து அந்தப் பெயரை நீக்கிவிட்டு, பாக்கி இ-சலானையும் கட்டிவிட்டு விலை பேசுங்கள். இல்லையென்றால் வாங்குபவர் விலையைக் குறைப்பதற்கு நாமே காரணம் கொடுத்த மாதிரி.

வண்டி 3 லட்சத்து 12 ஆயிரத்துக்குப் போனது. டைரியில் இல்லாத ஒரு வரவும் வந்தது. இன்சூரன்ஸில் கிளைம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் காருக்கு உரியதல்ல, ஓனருக்கு உரியது. பெயின்ட் செலவைக் கைக்காசில் செய்து 5 வருடத்துக்கு மேல் கிளைமே கேட்காததால், கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கி, புது கார் இன்சூரன்ஸில் சொந்தக் காரின் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் கழித்துக்கொண்டார் சித்தப்பா.