கோயில் சுவரில் அரசனைப் படிப்பது எப்படி? கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளை வாசிக்க ஒரு வழிகாட்டி

கொங்கு நாட்டுப் பழங்கோயில்களில் பிராகாரம் சுற்றி வருகிறவர்கள், அதிட்டானம் எனப்படும் அடித்தளத்திலும் சுவரிலும் வரிவரியாக ஓடும் எழுத்துகளைக் கடந்துதான் ஒவ்வொரு முறையும் வருகிறார்கள். அந்த எழுத்துகளுள் பெரும்பகுதி கொடைச் செய்திகள். எந்த நிலத்தின் வரி யாருக்குப் போகும், எந்த உரிமை எந்தக் குடிக்கு உண்டு, அதை மீறுகிறவன் எந்தப் பாவத்துக்கு ஆளாவான் என்பதைத் தெய்வத்தின் முன்னிலையில் அறிவித்துவிட்டால், பிறகு அதை மறுப்பவன் அரசனை மட்டுமன்றித் தெய்வத்தையும் எதிர்த்தவன் ஆகிறான். சமயமும் ஆட்சியும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நின்றன என்பதை அறிய விரும்புகிறவர்கள் இந்தச் சுவர்களிலிருந்து தொடங்கலாம்.

முதலில் அச்சில் வந்த வாசகத்தைப் படித்துவிட்டுக் கோயிலுக்குச் செல்லுங்கள். மாநிலத் தொல்லியல் துறை மாவட்ட வாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டிருக்கிறது. நேரடியாகச் சுவரில் எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்று சோர்ந்து திரும்பியவர்கள் பலர். வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் அதைத் தேடுவதே எளிது.

வாசிக்கத் தொடங்கும்போது ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். முதல் வரியில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வருவதால், கொடையும் அவனுடையதே என்று முடிவு செய்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது காலக் கணக்கு மட்டுமே. அணையாமல் எரியும் நந்தா விளக்குக்காகப் பழஞ்சலாகை அச்சு என்ற காசு கொடுத்தவர் இன்ன நாட்டு, இன்ன ஊர், இன்ன கூட்டத்து (குலப்பிரிவு) வெள்ளாளர் என்று அடுத்த வரிகளில் வரும். வணிகரும் தேவரடியாரும் பெயரோடு வருவார்கள். ஆயினும் அந்த முதல் வரி வெறும் சடங்கும் அன்று. ஊரார் தம் கைக்காசில் ஏற்றிய விளக்குக்கும் அரசனின் ஆண்டுதான் கணக்கு என்பதே அவனுடைய ஆட்சியை ஒவ்வொரு ஊரிலும் நிலைநிறுத்தியது. ஆகவே ஆண்டைச் சொல்லும் பெயர், பொருளைக் கொடுத்த பெயர், கொடையைக் காக்க வேண்டியவர்களின் பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தக் கொடை எந்தத் தருணத்தில் நிகழ்ந்தது என்று பாருங்கள். கரூருக்கு அருகில் வேலாயுதம்பாளையத்தில் உள்ள ஆறுநாட்டார் மலையில், சமண முனிவர்கள் தங்கிய குகைகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவி தங்குவதற்காக அங்கே கற்படுக்கை வெட்டித் தரப்பட்டது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறை சேரர் பெயர்களை வரிசையாகச் சொல்லி, இளங்கடுங்கோ இளங்கோவாக, அதாவது இளவரசனாக, ஆனபோது வெட்டிய கல் என்று அந்த வாசகம் முடிகிறது. துறவியின் படுக்கையைப் பற்றிய ஒரு வரியில், பட்டத்து உரிமை பாட்டனிடமிருந்து பேரன் வரை இறங்கி வந்த வழி முழுவதும் பதிந்திருக்கிறது. பொருளைத் துறந்தவருக்குச் செய்த கொடையில், அரசுக்கு உரியவன் யார் என்ற அறிவிப்பும் அடங்கியிருக்கிறது. கொங்கு மண்ணில் எனக்கு மிகவும் நெருக்கமான எழுத்து இதுதான். மலையேற இயன்றவர்கள் ஒரு முறையேனும் நேரில் காண வேண்டும்.

போருக்குப் பின் எழுந்த கோயில்களைத் தனியே கவனியுங்கள். நாமக்கல் குன்றில் 8-ஆம் நூற்றாண்டில் குடையப்பட்ட திருமால் குடைவரை, அதன் கல்வெட்டிலேயே அதியேந்திர விஷ்ணுகிருகம் எனப்படுகிறது. இறைவனின் இல்லம் அதியர் குடி அரசனின் பெயரைச் சுமக்கிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் வெளியிட்ட சீவரமங்கலச் செப்பேடு, புகழியூர் முதலிய இடங்களில் அதியனை வென்றதையும், கொங்கர்கோனைச் சிறைப்பிடித்ததையும், காஞ்சிவாய்ப் பேரூரில் திருமாலுக்குக் குன்றம் போன்றதொரு கோயில் எடுத்ததையும் ஒரே மூச்சில் சொல்கிறது. காஞ்சி என்பது நொய்யலின் பழம்பெயர். அந்த ஊரைக் கோவைக்கு அருகிலுள்ள பேரூராக அறிஞர் கொள்கின்றனர். தோற்றவனும் வென்றவனும் ஒரே தெய்வத்தை முன்னிறுத்தினார்கள் என்பதால் இதைச் சமயப் போர் என்று சொல்ல முடியாது. வென்ற நாட்டில் தன் பெயர் நிலைக்க அரசனுக்குக் கோட்டையைப் போலவே கோயிலும் வேண்டியிருந்தது. அவன் பக்தி பொய் என்று இதனால் முடிவு செய்யவும் வேண்டாம்; மெய்யான பக்தியும் அரசியல் கணக்கும் ஒரே மனத்தில் இருக்க இயலும்.

பொன் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. முதலாம் ஆதித்த சோழன் கொங்கு நாட்டுப் பொன்னைக் கொண்டு தில்லை அம்பலத்தை அணிசெய்தவன் என்று நம்பியாண்டார் நம்பி பாடியிருக்கிறார். தில்லையில் நின்று கேட்பவருக்கு அது திருப்பணி. கொங்கில் நின்று கேட்பவருக்கு, தம் நாட்டுப் பொன் வெளியேறிய செய்தியும் அதுவே. இரண்டு இடங்களிலும் நின்று வாசியுங்கள்.

எங்கே எழுதினார்கள் என்பதோடு, எங்கே எழுதாமல் விட்டார்கள் என்பதையும் பார்க்கப் பழக வேண்டும். இதற்கு அசோகரைப் போன்ற சான்று வேறில்லை. கலிங்கப் போரில் நேர்ந்த பேரழிவுக்காக அவர் வருந்தும் 13-ஆம் பாறைக் கட்டளை பல இடங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அது இல்லை. அங்கே அதற்குப் பதிலாக வேறு இரு கட்டளைகள் உள்ளன. அதே 13-ஆம் கட்டளை, வருத்தத்தின் நடுவே, காட்டில் வாழும் மக்களை எச்சரிக்கவும் செய்கிறது.

நம் சுவர்களுக்குத் திரும்பினால், நின்று நிதானமாகப் படிக்க வேண்டியது கல், மரம், பொன் வேலை செய்யும் கைவினைஞரான கம்மாளர் பற்றிய அரச ஆணை. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள இந்த ஆணையில் அரசனின் இயற்பெயர் இல்லை. கோனேரின்மை கொண்டான் என்ற பட்டம் மட்டுமே உண்டு. கரூரைச் சுற்றிய வெங்கால நாட்டுக் கம்மாளர் 15-ஆம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் தங்கள் நன்மை தின்மைகளுக்கு (திருமணம், இறப்பு போன்றவற்றுக்கு) இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அது கூறுகிறது. இத்தகைய ஆணையை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை, அரசன் என்ன கொடுத்தான் என்று. இரண்டாம் முறை, ஆணை வருவதற்கு முந்திய நாள் வரை நிலை என்னவாக இருந்தது என்று. கோயிலுக்குக் கல்லும் மரமும் பொன்னும் இழைத்துக் கொடுத்தவர்களுக்குச் செருப்பணிய அரசாணை வேண்டியிருந்தது. அந்த உரிமையைக் கோயில் சுவரில் வெட்டியதால் அதற்குத் தெய்வத்தின் காவல் கிடைத்தது; உரிமை என்பது அரசன் தருவது என்ற எண்ணமும் கூடவே உறுதிப்பட்டது. இப்படி ஓர் ஆணையைக் கேட்டுப் பெறும் வலிமைகூட இல்லாத குடிகளின் பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை. கல்வெட்டை மட்டும் நம்பி ஓர் ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வெறுமையையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

ஐரோப்பியர் காலத்துக்கும் இதே முறை பொருந்தும். பவானி சங்கமேசுவரர் கோயிலில் அம்மனுக்கு 1804-இல் கோவை கலெக்டர் வில்லியம் காரோ தந்தக் கட்டில் அளித்ததாக இன்றும் பெருமையோடு சொல்வார்கள். தனி மனிதரின் பக்தியாகவே அதைக் கொள்ளலாம். ஆனால் 1817-இல் சென்னை மாகாணத்தின் 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில் அறக்கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது என்பதையும், பின்னர் 1863-இல் அரசு அப்பொறுப்பிலிருந்து விலகச் சட்டம் செய்தது என்பதையும் அருகில் வைத்துப் படித்தால், அரசர்கள் விட்டுச்சென்ற இடத்தில் கலெக்டர்கள் நின்றது தெரியும்.

கடைசியாக, களத்தில் செய்ய வேண்டியவை. எழுத்து தெரியவில்லை என்று எண்ணெயோ மாவோ பூசாதீர்கள், சுரண்டவும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்திலோ, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தோ பார்த்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து, ஒரு படத்தின் ஓரத்து எழுத்துகள் அடுத்த படத்திலும் சிறிது வரும்படி படம் எடுங்கள். திருப்பணிக்காகச் சுவரில் மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்யப்பட்டு, வரிகள் முழுவதும் மழுங்கிப்போனதை ஒரு கோயிலில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. ஆகவே உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிப் பேச்சு எழும் நாளிலேயே எல்லாச் சுவர்களையும் படமெடுத்து, ஒரு பிரதியைத் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.